பழைய காரில் பெல்ட் சத்தம்: இறுக்குவதா, மாற்றுவதா, பேரிங்கைத் தேடுவதா?

பழைய காரில் என்ஜினின் சுழற்சியை மற்றப் பாகங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட் கீச்சிடத் தொடங்கினால் உரிமையாளர் முன் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. இருக்கும் பெல்ட்டை இறுக்கலாம். கடையில் விற்கும் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கலாம். பெல்ட்டை மட்டும் மாற்றலாம். பெல்ட்டோடு, அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் அதற்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி என்ற சக்கரத்தையும் சேர்த்து மாற்றலாம். புல்லிகளைத் தாங்கிச் சுழலவைக்கும் பேரிங்குகளில் தேய்ந்துபோனது எதுவென்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றலாம். ஒன்றும் செய்யாமல் ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். இவற்றுக்கிடையே செலவு வித்தியாசம் பெரியது. இறுக்குவதற்குக் கூலி மட்டுமே ஆகும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதென்றால் சில ஆயிரங்கள் ஆகும். அதனால் மலிவானதில் தொடங்கி ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதே பலரின் வழக்கம். அந்த வழக்கம்தான் கடைசியில் அதிகச் செலவு வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அரை மணி நேரம் செலவிட்டுக் கண்டறிந்துவிட்டால், மேற்சொன்னவற்றில் எது தேவை, எது வீண் என்பது தானே தெளிவாகிவிடும்.

முதலில், வண்டியில் இருப்பது எந்த வகைப் பெல்ட் என்று பார்க்க வேண்டும். அம்பாசடர், மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் இருப்பது வி-பெல்ட், அதாவது அடிப்பக்கம் குறுகிய, தடித்த ஒற்றைப் பட்டை. மாருதி 800-இல் ஒரு பெல்ட், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தை ஓடவைக்கும் வாட்டர் பம்பையும் சுழற்றும், ஏ.சி. இருந்தால் அதற்குத் தனிப் பெல்ட் இருக்கும். பின்னர் வந்த வண்டிகளில் உட்புறம் நீளவாக்கில் வரிகள் ஓடும் தட்டையான பெல்ட் வந்தது. அதன் முதுகில் 6பி.கே.1750 என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். ஆறு வரிகள், 1750 மி.மீ. நீளம் என்று பொருள். இவ்வகையில் சில வண்டிகளில் ஒரே பெல்ட் எல்லாப் புல்லிகளையும் சுற்றி வரும். உள்ளே சுருள்வில் கொண்ட டென்ஷனர் அதற்குத் தேவையான இறுக்கத்தைத் தானாகவே கொடுத்துக்கொண்டிருக்கும். அத்தகைய வண்டியில் 'பெல்ட்டை இறுக்குவது' என்ற வழிக்கே இடமில்லை.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அவற்றுள் பலவற்றில் பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நின்று என்ஜின் சூடாவதோடு விஷயம் முடிவதில்லை. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். மலைப்பாதை இறக்கத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே டீசல் வண்டியில் பெல்ட் சத்தத்தைப் பிரேக் தொடர்பான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சத்தங்களைக் காது மூன்றாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளலாம். சிட்டுக்குருவி கத்துவதுபோல 'கிச், கிச்' என்று விட்டுவிட்டு ஒரே தாளத்தில் வருவது ஒன்று. என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது இது நன்றாகக் கேட்கும்; வேகம் கூடினால் தாளமும் விரையும். பெரும்பாலும் புல்லிகளில் ஏதோ ஒன்று நேர்க்கோட்டில் இல்லை என்பதே இதற்குக் காரணம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும், ஏ.சி. போட்டதும், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் நீளமாகக் கிறீச்சிடுவது இரண்டாவது வகை. இது பெல்ட் புல்லியின் மேல் வழுக்கும் சத்தம். மூன்றாவது, கரகரப்பாகவோ உறுமலாகவோ சீழ்க்கையாகவோ இடைவிடாது வருவது. அது ரப்பரின் சத்தமே அல்ல, பேரிங்கின் சத்தம். எத்தனை பெல்ட் மாற்றினாலும் அது போகாது.

முதல் இரண்டையும் பிரித்தறிய நல்ல சோதனை தண்ணீர்தான். மூடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டு, என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் உட்புறத்தில், வரிகள் உள்ள பக்கத்தில், சிறிது பீச்ச வேண்டும். சத்தம் உடனே அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகளின் நேர்க்கோட்டில் கோளாறு. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் பெரிதானால் இறுக்கம் போதவில்லை. தண்ணீர் பட்டும் படாமலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். வேட்டி நுனி, துப்பட்டா, கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எதுவும் அருகில் போகக் கூடாது. மின்சாரத்தால் இயங்கும் ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுழலத் தொடங்கும் என்பதால் கையை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது சுமைச் சோதனை. ஹெட்லைட்டையும் புளோயரையும் முழு வேகத்தில் போட்டதும் கிறீச்சிட்டால் ஆல்டர்னேட்டர் பெல்ட், ஸ்டியரிங்கை ஓரிரு நொடி முழுதாக ஒருபுறம் திருப்பிப் பிடித்தால் கிறீச்சிடுமானால் பவர் ஸ்டியரிங் பெல்ட், ஏ.சி. கம்ப்ரசர் சேரும் கணத்தில் மட்டும் கத்தினால் அதன் பெல்ட் என்று கொள்ளலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சிட்டு ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் வண்டிகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பலவீனமான பேட்டரி ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கொடுத்துக் களைத்தபின், ஆல்டர்னேட்டர் அதை நிரப்பப் பெரும் சுமையை ஏற்கிறது. அந்தச் சுமையில் பெல்ட் வழுக்குகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியின் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் பெல்ட்டுக்கு முன் பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே பெல்ட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில் இருந்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியை நகர்த்தவும் கூடாது. சத்தம் நின்றுவிட்டால் கோளாறு பெல்ட் சுற்றிவரும் பாகங்களில் இருக்கிறது. நிற்காவிட்டால் டைமிங் பெல்ட் பக்கத்து டென்ஷனரிலோ என்ஜினுக்குள்ளேயோ இருக்கிறது. அப்போது இந்த ஒப்பீடு அந்த வண்டிக்குப் பொருந்தாது, வேறு வேலைக்குத் தயாராக வேண்டும்.

என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட் இல்லாத நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் உண்மை வெளிவருகிறது. நல்ல ஐட்லர் புல்லியை விரலால் தட்டிவிட்டால், உள்ளிருக்கும் கிரீஸின் மெல்லிய பிடிப்போடு சத்தமின்றிச் சுழன்று விரைவில் நின்றுவிடும். கிரீஸ் வற்றிய பேரிங்கோ பம்பரம்போல நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடவே உலர்ந்த சலசலப்பும் கேட்கும். எளிதாகச் சுற்றுகிறதே, நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நினைத்து ஏமாறும் இடம் இதுதான். மெல்லச் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, புல்லியின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் அசைந்தாலோ அந்தப் பேரிங் முடிந்துவிட்டது. வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளையில் பச்சையோ சிவப்போ காய்ந்த கூலண்ட் கறை இருந்தால், பேரிங் நன்றாகச் சுற்றினாலும் பம்பின் சீல் போய்விட்டது என்று கொள்ள வேண்டும்.

இனி வழிகளை எடைபோடலாம். இறுக்குவது சரியான வழியாக இருப்பது குறைவான சந்தர்ப்பங்களில்தான். புதிதாகப் போட்ட பெல்ட் சில நூறு கி.மீ. ஓடியதும் சற்றுத் தளர்வது இயல்பு; அப்போது ஒரு முறை இறுக்குவது அவசியமும்கூட. ஆல்டர்னேட்டரின் போல்ட் தளர்ந்து நகர்ந்திருந்தாலும் இறுக்கலாம். இரண்டு புல்லிகளுக்கிடையே உள்ள நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் ஏறக்குறைய 10 கிலோ விசையில் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்கு உள்வாங்குவது பொதுவான கணக்கு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. ஆனால் பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. கடப்பாரையையோ நீளமான ஸ்பேனரையோ கொடுத்து நெம்பி, சத்தம் நிற்கும்வரை இறுக்குகிறார்கள். அந்த இழுவை முழுதும் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங்கின் மீதும் வாட்டர் பம்ப்பின் தண்டின் மீதும் விழுகிறது. சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். சில மாதங்களில் பம்ப் ஒழுகத் தொடங்கும். முதல் சத்தத்துக்கும் இந்த ஒழுகலுக்கும் உள்ள தொடர்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லா வழிகளிலும் மலிவாகத் தெரியும் இதைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் கோளாறு அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுக்கும் சத்தத்தை மட்டும் இது எடுத்துவிடுகிறது.

வி-பெல்ட்டில் இறுக்கியும் பயனில்லாத நிலை ஒன்று உண்டு. வி-பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களால்தான். அடிப்பகுதி புல்லிப் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பெல்ட்டின் மேற்பரப்பு புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அது உள்ளே அமிழ்ந்து கிடந்து, பள்ளத்தின் தரை கண்ணாடிபோல் பளபளத்தால் பெல்ட் அடிப்பகுதியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பெல்ட்டை மாற்ற வேண்டும். புல்லியின் பக்கச் சுவர்கள் உள்வளைந்து தேய்ந்திருந்தால் புல்லியையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் அதே சத்தத்தைப் போடும்.

ஸ்பிரே, சோப்பு, மெழுகுவர்த்தி, பவுடர் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டும் தன்மையுள்ள எந்தப் பொருளும் நம் சாலைப் புழுதியை இழுத்துப் பிடித்து வரிகளுக்கிடையே சேர்த்துவைக்கும். வழுக்கும் எந்தப் பொருளும் வழுக்கலைக் கூட்டி ரப்பரைச் சூடாக்கும். சோதனைக்குத் தண்ணீரே போதும், தீர்வுக்கு இவை உதவா.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது நேர்மையான, மலிவான வழி, மற்றப் புல்லிகள் கைச்சோதனையில் தேறியிருந்தால். பெல்ட் பழுதாகிவிட்டதா என்று பார்ப்பதில் பழைய பழக்கம் ஒன்று இப்போது ஏமாற்றுகிறது. முன்பு பெல்ட்டுகள் பெரும்பாலும் நியோப்ரீன் ரப்பரால் செய்யப்பட்டன. முதுமையடைந்தால் அவற்றில் வெடிப்பு விழும், கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது கடையில் கிடைக்கும் தரமான பெல்ட்டுகளில் பெரும்பாலானவை இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை, இவை எளிதில் வெடிப்பதில்லை, செருப்பின் அடிபோல மெல்லத் தேய்கின்றன. வரிகளுக்கிடையே உள்ள பள்ளம் கூர்மையிழந்து அகன்றுபோகும்; புல்லியின் முகடு அந்தப் பள்ளத்தின் அடியைத் தொடும்; பிடிப்பு குறையும். மேலோட்டமாகப் பார்த்தால் பெல்ட் புதிதுபோலவே இருக்கும். எனவே வெடிப்பு இல்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாமல், அதே எண்ணுள்ள புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து வரிகளின் ஆழத்தை ஒப்பிட வேண்டும்.

பெல்ட்டில் எண்ணெயோ கூலண்டோ பட்டிருந்தால் ஒழுகலை அடைத்தபின்தான் புதிது போட வேண்டும். என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல் கசியும் பழைய என்ஜினில் இதைச் செய்யாமல் போடும் பெல்ட் சில வாரங்களில் ஊறிப்போகும். வாங்கும்போது பழைய பெல்ட்டின் எண்ணைப் பார்த்து வாங்குவதைவிட வண்டியின் மாடலுக்கு நிறுவனம் குறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. முந்தைய மெக்கானிக் கிடைத்த நீளத்தைப் போட்டு ஒப்பேற்றியிருக்கக்கூடும். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் ஏறக்குறைய எல்லா எண்களும் கிடைக்கின்றன. மதுரைக் கோச்சடையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகள் தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும்போது, அச்சு மங்கிய, பெட்டியில்லாத பெல்ட்டை நூறு ரூபாய் மிச்சத்துக்காக வாங்குவதில் பொருளில்லை.

பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் சேர்த்து மாற்றும் வழி, தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டிகளுக்கு உரியது. ஐட்லிங்கில் டென்ஷனரின் கையை உற்றுப் பாருங்கள்: இலேசான நடுக்கம் இயல்பு; கண்ணுக்குத் தெளிவாக முன்னும் பின்னும் துள்ளினால் அதன் சுருள்வில்லோ உள் தணிப்பானோ தளர்ந்துவிட்டது. அதற்குப் புதுப் பெல்ட்டை மட்டும் மாட்டினால் சில மாதங்களில் பழைய கதைதான். ஒரு லட்சம் கி.மீ. தாண்டி, டென்ஷனர் ஒருமுறையும் மாற்றப்படாத வண்டியாக இருந்தால் நான் சேர்த்தே மாற்றச் சொல்வேன். கழற்றி மாட்டும் கூலி ஒன்றே என்பதும் இதற்கு ஒரு காரணம். மாறாக, ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் பழைய வி-பெல்ட் வண்டிக்குத் 'தொகுப்பாக மாற்றுங்கள்' என்று ஒருவர் சொன்னால், எந்தெந்தப் பாகங்கள் என்று கேட்க வேண்டும்.

ஒற்றைப் பேரிங்கை மட்டும் மாற்றுவது, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மறந்துவிடும் வழி. ஆல்டர்னேட்டரிலும் ஐட்லரிலும் இருப்பவை பெரும்பாலும் உலகெங்கும் ஒரே அளவில் கிடைக்கும் பொதுப் பேரிங்குகள். அளவு எண் வளையத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ.; 6303 என்றால் 17, 47, 14. அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பேரிங் மாற்ற நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் போதும். புது ஆல்டர்னேட்டரின் விலையில் இது மிகச் சிறு பங்கு. ஏ.சி. கம்ப்ரசர் புல்லியின் பேரிங்கும் அப்படியே. அது வாயு அடைத்த பகுதிக்கு வெளியே இருப்பதால், இடம் அனுமதித்தால் வாயுவைத் திறந்துவிடாமலேயே மாற்றிவிடலாம். ஏ.சி. போடாதபோதும் உறுமல் கேட்டால் இந்தப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்; போட்டால் மட்டும் கேட்டால் கம்ப்ரசரின் உட்பகுதியையோ கிளச்சையோ பார்க்க வேண்டும். கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரும் தொகையை மிச்சப்படுத்தும். இரும்புப் புல்லியுள்ள ஐட்லரில் பழைய பேரிங்கைத் தள்ளிப் புதிதை அழுத்திப் பொருத்த லேத் பட்டறையில் முடியும். பிளாஸ்டிக் புல்லியென்றால் முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு. வாட்டர் பம்ப்பில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது: அதன் பேரிங்கும் சீலும் ஒன்றையொன்று சார்ந்தவை, முழுப் பம்பையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் பிராக்கெட், புல்லி, ஆல்டர்னேட்டரின் மேற்கூடு வாங்கலாம். சுழலும் பேரிங்கையும் பெல்ட்டையும் டென்ஷனரையும் அங்கே வாங்குவது இன்னொருவரின் கோளாறை விலைகொடுத்து வாங்குவதாகும்.

'கிச், கிச்' வகைச் சத்தத்துக்கு மேற்சொன்ன எதுவும் நேரடி மருந்து ஆகாது. அங்கே வேலை நேர்க்கோட்டைச் சரிசெய்வது. நேரான இரும்பு அளவுகோலைக் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லியின் முகத்தில் சேர்த்து வைத்து அடுத்த புல்லியைத் தொடுகிறதா என்று பார்த்தால், 30 செ.மீ. தூரத்துக்கு 1.5 மி.மீ.க்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் புஷ் தேய்வதும், யாரோ ஒரு வாஷரைத் தவறவிட்டதும்தான் அடிக்கடி காரணமாக இருக்கும். அதையும் சரிபார்த்தபின் சத்தம் தொடர்ந்தால், ரப்பர் வளையம் கொண்ட கிராங்க் புல்லியைச் சோதிக்க வேண்டும். உள் வளையத்திலிருந்து வெளி வளையம்வரை குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, சில நாட்கள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து விலகியிருந்தால் நடுவிலுள்ள ரப்பர் விட்டுவிட்டது. வெளி வளையம் தனியே நழுவுகிறது. புல்லியை மாற்றாமல் வேறு வழியில்லை.

ஒன்றும் செய்யாமல் விடுவதை நான் ஏற்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற வண்டி, காலையில் சில நொடிகள் கீச்சிட்டு, பெல்ட் உலர்ந்ததும் நின்று, நாள் முழுதும் திரும்ப வராமல் இருந்தால் அதை விட்டுவிடலாம், பேட்டரி சோதனையில் தேறியிருக்கும் பட்சத்தில். உறுமலை ஒருநாளும் விடக் கூடாது. பேரிங் இறுகிப்போகும்போது பெல்ட் அதன்மேல் உரசி எரிந்து அறும்.

நாளைக் காலை நெடும்பயணம், இன்று மாலைதான் சத்தம் தொடங்கியிருக்கிறது, பட்டறை மூடும் நேரம் என்றால் தேர்வு சுருங்கிவிடுகிறது. தண்ணீர்ச் சோதனையையும் வோல்ட் மீட்டர் சோதனையையும் உடனே செய்துவிடலாம். வழுக்கல் என்று தெரிந்து, பெல்ட்டும் தேய்ந்திருந்தால் இரவே பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். பழையது தேய்ந்திருந்தாலும் அறாமல் இருந்தால் அதையும், பொருந்தும் ஸ்பேனரையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். 'கிச், கிச்' மட்டும் என்றால், பெல்ட்டின் ஓரம் நூல் பிரியாமல் இருக்கும்வரை போய்வந்தபின் சரிசெய்யலாம். உறுமல் என்றால், அதிலும் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரில் இருக்கும் டீசல் வண்டி என்றால், அந்த வண்டியை விட்டுவிட்டுப் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டும்.